பரையா: ஒரு சொல்லின் வரலாறு

பரையா என்பது சமூகத்தால் ஒதுக்கப்பட்டவரைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொல். மற்ற நாடுகள் அண்டவிடாத நாட்டையும் இப்போது இப்படிச் சொல்கிறார்கள். பறையர் என்ற தமிழ்ச் சாதிப் பெயரே இதன் மூலம். றகரத்தை உச்சரிக்கத் தெரியாத வாய்களில் அது ரகரமானது. பிரெஞ்சுக்காரர் 'பாரியா' என்றார்கள்.

விலக்கப்பட்டவர் என்ற பொருளில் தமிழர் இச்சொல்லை வழங்குவதில்லை. அதற்குத் தள்ளிவைத்தல், ஒதுக்கிவைத்தல், ஊர்விலக்கம் என்று தனிச் சொற்கள் உண்டு. அரியலூர் மாவட்டத்துச் செந்துறைப் பக்கத்துக் கிராமங்களிலும் "ஊரை விட்டுத் தள்ளி வச்சிட்டாங்க" என்றால் போதும்: அந்த வீட்டோடு கொள்வினை கொடுப்பினை இல்லை, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை. ஆனால் தள்ளிவைக்கப்பட்டவர் அதுவரை ஊருக்குள் இருந்தவர். பஞ்சாயத்தில் அபராதம் கட்டி, சபையில் விழுந்து எழுந்தால் திரும்பவும் ஊருக்குள் சேர்ந்துகொள்ளலாம். சேரியில் பிறந்தவரை யாரும் எதிலிருந்தும் தள்ளவில்லை. அவர் திரும்பிவர வாசலும் வைக்கப்படவில்லை. இந்த வேறுபாட்டைத்தான் ஐரோப்பிய அகராதிகள் தவறவிட்டன.

பறையர் என்ற பெயரிலுள்ள பறை தோற்கருவி. சொல்லுதல், அறிவித்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு. மலையாளத்தில் இன்றும் சொல்லுதல் 'பறயுக'தான். தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்க்கிறது. மாங்குடி கிழார் பாடிய புறநானூற்றின் 335ஆம் பாட்டில் பறையன் சிறப்புக்குரிய நான்கு குடிகளுள் ஒருவன். முதலாம் ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளுக்கு வரும்போது நிலைமை வேறு. வரி நீக்கிய நிலங்களைக் கணக்கிடும் இடத்தில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றன. அதாவது 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஊர் வேறு, சேரி வேறு.

போர்ச்சுக்கீசியரான துவார்த்தே பார்போசா 1516 வாக்கில் எழுதிய குறிப்புகளில் இச்சொல் தென்படுகிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போனது. முதலில் ஒரு சாதியின் பெயர். பிறகு தீண்டத்தகாதவர் என்று கருதப்பட்ட அனைவருக்கும் பெயர். கடைசியில் தெருநாய்க்கும் பருந்துக்கும்கூட அடைமொழி. பிரான்சில் அது இலக்கியமாயிற்று. பெர்னார்தின் த சேன்பியர் 1791இல் வெளியிட்ட 'இந்தியக் குடிசை' கதையில் உண்மையை அறிந்தவர் ஒரு பாரியாதான். 1838இல் ஃபுளோரா திரிஸ்தான் தம் பயண நூலின் தலைப்பிலேயே தம்மைப் பாரியா என்று சொல்லிக்கொண்டார். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் யூதர்களைப் 'பரையா மக்கள்' என்றார்; 1944இல் யூத அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் அதே சொல்லை யூதரின் மறைந்த மரபொன்றுக்குச் சூட்டி, ஹைனே முதல் காஃப்கா வரை எழுதினார். சேரியைக் கண்ணால் பார்த்திராதவர்கள் தங்கள் வலிக்கு இச்சொல்லை இரவல் வாங்கினார்கள். சொல்லுக்கு உரியவர்கள் அதே காலத்தில் அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

விலக்கப்பட்டவர் என்று பொருள் கொண்ட ஐரோப்பியருள் மொழியறிஞர் கால்டுவெல் விதிவிலக்கு. தம் ஒப்பிலக்கண நூலில் பறையரைச் சாதியிலிருந்து தள்ளப்பட்டவர் என்பது பிழை, அவர்கள் தொன்மையான தனிச் சாதியினர், பெயர் பறையிலிருந்து வந்தது என்று எழுதினார். அகராதிக்காரர்கள் செவிசாய்க்கவில்லை.

தமிழகத்தில் பெயர் குறித்து இரண்டு விதமான போராட்டம் நடந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். இழிவாகச் சொல்லப்படும் பெயரை நாமே தலையில் தூக்கி நிறுத்தினால்தான் இழிவு போகும் என்பது அவர் கணக்கு. அயோத்திதாசர் இதை ஏற்கவில்லை. பறையர் எனப்படுவோர் பூர்வ பௌத்தர்கள், அப்பெயர் பகைவர் சுமத்திய பட்டம் என்பது அவர் வாதம். 1907இல் அவர் தொடங்கிய இதழ் 'ஒரு பைசாத் தமிழன்'. அந்தப் பெயரிலேயே பதில் இருக்கிறது. அரசுப் பதிவேடுகளைப் பொறுத்தவரை 1922இல் முடிவு கிடைத்தது. எம். சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தையொட்டி, பறையர், பஞ்சமர் என்பவற்றுக்குப் பதில் 'ஆதி திராவிடர்' என எழுத ஆணை பிறந்தது.

சொல் கடல் கடந்த இடத்திலும் காயம் ஆறவில்லை. மலேசியாவில் அப்துல்லா உசேன் எழுதி 1971இல் வெளிவந்த 'இன்டர்லோக்' நாவல் 2011இல் ஐந்தாம் படிவப் பாடநூலானபோது, இந்தியர்களின் முன்னோரைப் 'பரையா' என்று குறித்ததற்காகத் தமிழர்கள் எதிர்த்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் நூல் விலக்கிக்கொள்ளப்பட்டது. மலாய்ப் பேச்சில் அது வசைச்சொல். ஆய்வாளர் சொல்லும் 'வரலாற்றுச் சூழல்' அங்கே எடுபடவில்லை, எடுபட்டிருக்கவும் வேண்டியதில்லை.

தமிழகத்தில் பெயரை மாற்றும் அரசியலுக்கு மேலே சொன்ன செந்துறை வட்டத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. விடுதலைச் சிறுத்தைகள் கட்சித் தலைவர் தொல். திருமாவளவன் பிறந்த அங்கனூர் இவ்வட்டத்தில்தான் இருக்கிறது. தமிழ்ப் பெயர் சூட்டும் இயக்கத்தை நடத்திய அவர், தம் தந்தை இராமசாமியின் பெயரையே தொல்காப்பியன் என்று மாற்றினார். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லும் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். சேரிக்கு மாற்றாக வந்து, தானும் சேரியாகவே ஆகிப்போன சொல் அது.

பொதுமக்கள் பார்வையில் பட்டியல் சாதியினர் ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். அதே பெயரை ஆங்கில நாளிதழ்கள் ஏதோ ஒரு நாட்டின் மீதான பொருளாதாரத் தடைச் செய்திக்குத் தலைப்பாகப் போடுகின்றன. அச்செய்தியைத் தமிழாக்குபவர் 'ஒதுக்கிவைக்கப்பட்ட நாடு' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்.