ஆவடியின் எடைக் கணக்கு: இந்திய டாங்கிகளில் கவசமும் ஓட்டமும் (1948–2024)

கவசத்தைத் தடிமனாக்கினால் டாங்கியின் எடை ஏறும், எடை ஏறினால் ஓட்டம் குறையும். ராணுவ நூல்கள் எல்லாம் சொல்லும் இந்த விதி, இந்திய டாங்கிகளின் வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் முழுமையாகப் பொருந்தவில்லை. கவசத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையில் எஞ்சின் இருக்கிறது, பாலம் இருக்கிறது, மண்ணும் மலைக்காற்றும் இருக்கின்றன. இவற்றுள் நாமே தீர்மானித்திருக்கக் கூடியது எஞ்சின் ஒன்றுதான். அதை வெளியில் வாங்கிக்கொண்டே கவசத்தின் எடையைப் பற்றி அரை நூற்றாண்டு விவாதித்தோம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விடுதலைக்குப் பின் இந்திய ராணுவத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவை இலகு டாங்கிகளே. காஷ்மீர்ப் போரில் 1948 நவம்பர் 1 அன்று, சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள சோஜி லா கணவாயில் 7ஆவது இலகு குதிரைப்படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள் ஏறின. தளபதி திம்மையாவின் திட்டம் அது. எதிரிக்குச் செய்தி கசியாமல் இருக்க, சுழல் கோபுரங்களைக் கழற்றித் தனியாகக் கொண்டுபோய் மலையடிவாரத்தில் மீண்டும் பொருத்தினார்கள். சுமார் 15 டன் எடையுள்ள வண்டி என்பதால்தான் இது நடந்தது. சீனப் போரின்போது 1962 அக்டோபரில் ஏ.எம்.எக்ஸ்.-13 டாங்கிகளை ஆன்டனோவ்-12 விமானத்தில் ஏற்றி லடாக்கின் சுஷூலில் இறக்க முடிந்ததற்கும் எடை குறைவே காரணம்.

1965 செப்டம்பரில் பஞ்சாப் சமவெளி வேறு பாடம் கற்பித்தது. அசல் உத்தரில் பாகிஸ்தானின் 1ஆவது கவசப் பிரிவு பேட்டன் டாங்கிகளுடன் முன்னேறியது. மணிக்கு 48 கி.மீ. வரை ஓடக்கூடிய, அன்றைய நவீன வண்டி பேட்டன். எதிரே நின்ற சென்சூரியன் 51 டன் எடை, அதன் உச்ச வேகம் 34 கி.மீ. தாளில் எழுதிப் பார்த்தால் வேகமானது வென்றிருக்க வேண்டும். ஆனால் இந்தியத் தரப்பு வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டது. கரும்புத் தோட்டங்களுக்குள் மறைந்து, குதிரைலாட வடிவில் நிலைகொண்ட சென்சூரியன்களும் ஷெர்மன்களும், சேற்றில் திணறிய பேட்டன்களை அருகிலிருந்தே சுட்டன. ஜீப்பில் பொருத்திய பின்னுதைப்பற்ற பீரங்கியால் டாங்கிகளை அடுத்தடுத்து வீழ்த்திய ஹவில்தார் அப்துல் ஹமீது அந்தப் போரில்தான் உயிர் நீத்தார். கைவிடப்பட்ட பேட்டன்களை நிறுத்திவைத்த இடத்துக்குப் ‘பேட்டன் நகர்’ என்றே பெயர் வந்தது. அட்டவணையில் உள்ள வேகம் வேறு, களத்து மண் அனுமதிக்கும் வேகம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் வரலாற்றில் இல்லை.

இந்தப் பாடம் வருவதற்கு முன்பே நம் முதல் உள்நாட்டு டாங்கி முடிவாகிவிட்டது. 1961இல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது; சென்னையை அடுத்த ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது; ‘விஜயந்தா’ பிறந்தது. அக்காலத்தில் உலகெங்கும் ஒரு கருத்து ஓங்கியிருந்தது. உலோகத் தாரையால் எஃகைத் துளைக்கும் புதுவகைக் குண்டுகள் வந்துவிட்டன, எந்தத் தடிமனான எஃகும் இனித் தாங்காது, ஆகவே கவசத்தைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டு என்பதே அது. மேற்கு ஜெர்மனியின் லெப்பர்ட்-1, பிரான்சின் ஏ.எம்.எக்ஸ்.-30 இரண்டும் இந்த எண்ணத்தில் உருவானவை. விஜயந்தாவுக்கும் அதே நோக்கம்தான். சென்சூரியனின் கோபுர முகப்பில் 152 மி.மீ. எஃகு இருந்த இடத்தில் விஜயந்தாவின் அதிகபட்சக் கவசம் 80 மி.மீ. மட்டுமே. எடை சுமார் 39 டன். பீரங்கி அன்றைய உலகில் சிறந்த 105 மி.மீ.

கவசத்தில் 12 டன் விட்டுக்கொடுத்த டாங்கி பாய்ந்து ஓடியிருக்க வேண்டும். அப்படி ஓடவில்லை. காரணம் லேலண்ட் எல்-60 எஞ்சின். பிரிட்டிஷ் சீஃப்டன் டாங்கியையே பழுதுகளால் வாட்டிய இந்த எஞ்சின், விஜயந்தாவில் 535 குதிரைத்திறன் தந்தது. டன்னுக்கு 14ஐக்கூட எட்டவில்லை. பாதுகாப்பைக் கொடுத்துவிட்டு ஓட்டத்தையும் முழுதாகப் பெறாத ஒரு பேரம் அது. ஆவடியில் 2,000க்கும் மேற்பட்ட விஜயந்தாக்கள் உருவாகின. ஆனாலும் கனரக வாகன உற்பத்தித் திறன் நாட்டுக்குக் கிடைத்தது என்பதை மறுக்கக் கூடாது.

1971இல் கிழக்கு வங்கத்தின் ஆறுகள் இலகு வண்டிக்கு மீண்டும் மதிப்பைக் கூட்டின. நீந்தக்கூடிய பி.டி.-76 வெறும் 14 டன். அதன் மெல்லிய தகடு கனரகத் துப்பாக்கிச் சூட்டுக்கே அஞ்ச வேண்டியது. இருந்தும் நவம்பரில் கரீப்பூரில் அத்தகைய 14 டாங்கிகள், மூடுபனியில் வந்த பாகிஸ்தானின் சாஃபி டாங்கிகளை முறியடித்தன.

அடுத்து வந்த சோவியத் டி-72 ஒரு புத்திசாலித்தனமான விடை. டாங்கியின் எடையைக் கூட்டுவது தகட்டின் தடிமன் மட்டுமல்ல; அந்தத் தகடு சுற்றி மூட வேண்டிய உள்ளிடமும்தான். குண்டு நிரப்பும் வீரரை நீக்கி அங்கே தானியங்கிக் கருவியை வைத்தால் உள்ளிடம் சுருங்கும், அதே எடையில் தகட்டைத் தடிமனாக்கலாம். அப்படித்தான் 41 டன்னுக்குள் வலுவான முகப்புக் கவசமும் 125 மி.மீ. பீரங்கியும் அடங்கின. இதற்கு விலை கொடுத்தவர் உள்ளே இருக்கும் வீரர். குண்டுகள் அவர்கள் காலடியிலேயே வட்டமாக அடுக்கப்பட்டுள்ளன. கவசம் துளைபட்டு அவை வெடித்தால் கோபுரமே பிய்த்தெறியப்படுகிறது. 2022க்குப் பிறகு உக்ரைன் போரில் உலகம் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தது.

நாமே வடிவமைத்த அர்ஜுன் டாங்கி இதற்கு நேர்மாறான பாதை. 1974இல் 15.5 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அனுமதி பெற்ற திட்டம் அது. முதலில் எண்ணியது 40 டன் வகை, 105 மி.மீ. பீரங்கி. ராணுவத்தின் தேவைகள் மாறின. பீரங்கி 120 மி.மீ. ஆனது. பிரிட்டன் 1976இல் அறிவித்த சோபம் அடுக்குக் கவசம், கவசம் தோற்றுவிட்டது என்ற பழைய கருத்தைக் கவிழ்த்தது. ஹைதராபாத் காஞ்சன்பாக்கிலுள்ள உலோகவியல் ஆய்வகம் நம் சொந்த அடுக்குக் கவசத்தை உருவாக்கியது. ‘காஞ்சன்’ என்ற பெயர் அந்த ஊரிலிருந்து வந்தது. வீரர்கள் நால்வர், அகன்ற கோபுரம், முடிவில் 58.5 டன்.

அர்ஜுனைக் குறைகூறியவர்கள் எடையை மட்டுமே பேசினார்கள். இங்கே நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். மண் உணர்வது மொத்த எடையை அல்ல, சங்கிலிப் பட்டையின் ஒவ்வொரு சதுர செ.மீ.யிலும் விழும் அழுத்தத்தை. அகலமான பட்டையால் அர்ஜுனின் தரையழுத்தம் சுமார் 0.85 கிலோதான், பதினேழு டன் இலகுவான டி-72க்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. 1,400 குதிரைத்திறன் ஜெர்மன் எம்.டி.யூ. எஞ்சின் டன்னுக்கு 24 தந்தது. 780 குதிரைத்திறன் டி-72க்குக் கிடைத்தது 19. ஆக மணலில் கனமான வண்டியே துடிப்பானது. ஆனால் பாலம் மொத்த எடையையும் தாங்க வேண்டும். ராணுவ வண்டிகளின் முகப்பில் மஞ்சள் வட்டத்துக்குள் கறுப்பில் ஓர் எண் இருக்கும். அது வண்டியின் பளு வகுப்பு. பாலத்தின் எண் அதைவிடச் சிறியதாக இருந்தால் எவ்வளவு வேகமான டாங்கியும் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். கால்வாய்களால் கிழிபட்ட பஞ்சாபில் இது சிறிய தடையல்ல. அர்ஜுனை ஏற்க ராணுவம் காட்டிய தயக்கத்தில் நியாயம் இருந்தது என்றே கருதுகிறேன். அந்த நியாயம் பாலத்தைப் பற்றியது, பாலைவனத்தைப் பற்றியது அல்ல.

2001இல் 46.5 டன் டி-90 டாங்கிகள் 310 வாங்க ஒப்பந்தமானது. 2010 மார்ச்சில் ராஜஸ்தானில் நடந்த ஒப்பீட்டுச் சோதனைக்குப் பிறகு அர்ஜுனுக்கும் மேலும் 124 வண்டிகளுக்கான ஆணை வந்தது. அடுத்த வடிவமான மார்க்-1ஏ, எழுபதுக்கும் மேற்பட்ட மாற்றங்களுடன், வெடித்து எதிர்க்கும் தகடுகளும் கண்ணிவெடிக் கலப்பையும் சுமந்து 68 டன் ஆனது. எஞ்சின் அதே 1,400. டன்னுக்கு 24 இருந்தது 20.6 ஆகச் சரிந்தது. இங்குதான் கவசம் உண்மையிலேயே ஓட்டத்தைத் தின்றது. எஞ்சின் வளராமல் எடை மட்டும் வளர்ந்ததே அதற்குக் காரணம்.

2020இல் சீனாவுடனான மோதலில் டி-72, டி-90 டாங்கிகள் லடாக்கில் நின்றன. எதிரே சீனாவின் டைப்-15, சுமார் 33 டன்னில் 1,000 குதிரைத்திறன். 4,300 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். எஞ்சின் மூச்சு வாங்கும். அதன் விளைவாக ஆவடியின் போர் வாகன ஆய்வு நிறுவனமும் எல் அண்ட் டி நிறுவனமும் சேர்ந்து 25 டன்னுக்குட்பட்ட ‘ஜோராவர்’ டாங்கியை 2024 ஜூலையில் காட்டின. சோஜி லாவின் தேவை எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஏற்கப்பட்டது. அந்தச் சிறிய டாங்கிக்கும் முதலில் நாடிய ஜெர்மன் எஞ்சினுக்கு ஏற்றுமதி அனுமதி இழுபறியாக, 760 குதிரைத்திறன் அமெரிக்கக் கம்மின்ஸ் எஞ்சின் பொருத்தப்பட்டது.

லேலண்ட், எம்.டி.யூ., கம்மின்ஸ் என்று ஒவ்வொரு தலைமுறையிலும் நம் வடிவமைப்பாளர்கள் தகட்டைச் செதுக்கியது பிறர் தந்த குதிரைத்திறனுக்குள்தான். டாங்கிக்கான 1,500 குதிரைத்திறன் உள்நாட்டு எஞ்சின் முதன்முதலாக இயக்கிச் சோதிக்கப்பட்டது 2024 மார்ச்சில், மைசூருவிலுள்ள பி.இ.எம்.எல். எஞ்சின் பிரிவில். அர்ஜுன் திட்டத்துக்கு அனுமதி கிடைத்து அப்போது ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.