மருத்துவச்சியின் மூச்சு



சூனேமியாளின் மகனை நீங்கள் அறிவீர்கள். 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில், எலிசா தம் தடியைக் கேயாசியிடம் கொடுத்து முன்னே அனுப்பினார். தடியால் யாதொரு பயனும் உண்டாகவில்லை. பின்பு தீர்க்கதரிசி தாமே அறைக்குள் சென்று, பிள்ளையின் வாயோடு தம் வாய் பொருந்தும்படி குனிந்தார். அது தேவன் செய்த அற்புதம். அதை மருத்துவ முறையாகச் சுருக்குவது தகாது. ஆயினும், மூச்சற்ற பிள்ளைகளைக் காக்க மனிதர் முயன்ற வரலாற்றை வாசிக்கும்போது, அந்தத் தடி நினைவுக்கு வருகிறது.

1472-இல் இத்தாலியின் பதுவா நகரில் குழந்தை நோய்களைப் பற்றிய ஒரு நூல் அச்சேறியது. பிறந்த சிசு மூச்சு விடாவிட்டால் மருத்துவச்சி அதன் வாயில் ஊத வேண்டும் என்று அதில் பகெல்லார்துஸ் என்னும் மருத்துவர் எழுதினார். 1767-இல் ஆம்ஸ்டர்டாமில், நீரில் மூழ்கியோரைக் காக்க எழுந்த சங்கமும் வாய்வழி மூச்சைப் பரிந்துரைத்தது. ஆனால் 1776-இல் லண்டனின் புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஹன்டர் இதைப் பாமரரின் வழக்கமென்று தாழ்த்தினார். வாய் இருந்த இடத்திற்குத் துருத்தி வந்தது. அது நுரையீரலைச் சிதைக்கக்கூடும் என்று தெரிந்தபின் துருத்தியும் கைவிடப்பட்டது. பின்னர் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, கைகளைத் தூக்குவதும் முதுகை அழுத்துவதுமே முறைகளாயின.

1950-களில்தான் உண்மை மீண்டது. நாம் வெளிவிடும் மூச்சில் ஏறக்குறைய 16 விழுக்காடு ஆக்சிஜன் உண்டு. அது மற்றொருவரை உயிரோடு காக்கப் போதுமென்று ஜேம்ஸ் ஈலம், பீட்டர் சஃபார் என்னும் மருத்துவர்கள் நிறுவினர். 1960-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கூவென்ஹோவனும் அவருடைய தோழரும் மார்பை அழுத்தும் முறையை வெளியிட்டனர். அக்காலத்திலேயே நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால் பயிற்சிப் பொம்மையை உருவாக்கினார். நீரில் மூழ்கிய தம் சொந்த மகனை மீட்டெடுத்த தகப்பன் அவர்.

பிள்ளைகளுக்கு இது ஏன் இத்தனை முக்கியம்? பெரியவர்களில் பெரும்பாலும் இருதயம் முதலில் நிற்கிறது. பிள்ளைகளிலோ பெரும்பாலும் மூச்சு முதலில் தடைபட்டு, பின்பே இருதயம் ஓய்கிறது. ஆகவே அவர்களுக்கு மார்பழுத்தத்தோடு மூச்சும் வேண்டும். தனியே இருப்பவர் 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு. பயிற்சி பெற்ற இருவர் இருந்தால் 15-க்கு 2. நிமிடத்திற்கு 100 முதல் 120 வரை, மார்பின் மூன்றில் ஒரு பங்கு ஆழத்திற்கு அழுத்த வேண்டும்.

சபையாரே, உங்களில் செவிலியர், பிசியோதெரபிஸ்ட், எக்ஸ்ரே மற்றும் ஆய்வகப் பணியாளர் பலர் உண்டு. எக்ஸ்ரே அறையில் ஒரு குழந்தை துவளும்போது மருத்துவர் வேறு மாடியில் இருக்கலாம். அருகில் இருப்பவர் நீங்களே. "இது என் வேலையன்று" என்று எண்ணாதிருங்கள். பயிற்சிக்கு அழைப்பு வந்தால் செல்லுங்கள். சில மாதங்களில் கை மறந்துவிடும், ஆகையால் மறுபடியும் பழகுங்கள். கற்றோர் இகழ்ந்த மூச்சைக் காத்து வைத்தவர்கள் பெயர் அறியப்படாத மருத்துவச்சிகளே.

தடியை அனுப்பிவிட்டு நின்றுவிடாமல், தாமே அருகே செல்லும் இருதயத்தைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.