பேகன் மறந்த கண்ணகி

மலைமேல் மாரமங்கலத்தில் கூடித் தமிழ் ஆய்ந்துவரும் நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், மலைநாட்டு வள்ளல் ஒருவனின் இல்லற வரலாற்றை எண்ணிப் பார்க்க விழைகிறேன். அவ்வரலாற்றில் புலவர்க்கும் பங்குண்டு என்பதே காரணம்.

வையாவிக் கோப்பெரும் பேகன், பழனி மலைப்பகுதியை ஆண்ட ஆவியர்குடித் தலைவன். மயிலுக்குப் போர்வை அளித்த அவனது கொடையைச் சிறுபாணாற்றுப்படை போற்றுகிறது. பள்ளிச் சிறாரும் அதனை அறிவர். அவன் மனைவி கண்ணகியை அறிந்தவர் சிலரே. சிலம்பின் தலைவி வேறு, இவள் வேறு. பேகனின் நெஞ்சம் முல்லைவேலி சூழ்ந்த நல்லூரில் வாழ்ந்த மற்றொருத்திபால் சென்றது, கண்ணகி துறக்கப்பட்டாள்.

உ. வே. சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்த புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்கள் இவள் பொருட்டு எழுந்தவை. பாடியோர் நால்வர். கபிலர் அவள் வாயிலில் நின்று பேகனையும் அவன் மலையையும் பாடுகிறார்; உள்ளிருந்து குழல் ஏங்குவதுபோல் அழுகை எழுகிறது. பரணர், "நீர் அவன் உறவினரோ?" என்று வினவுகிறார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தாம் அவனுக்கு உறவல்லர் என்கிறாள் அவள். தன்னைப்போன்ற ஒருத்தியை விரும்பி அவன் நாளும் நல்லூருக்குத் தேரில் வருவதாக ஊரார் கூறுவதையும் சொல்கிறாள். மணந்தவன் உயிரோடிருக்க, "உறவில்லை" என்று மனைவியே சொல்ல நேர்ந்த அந்நிலைதான் இவ்வரலாற்றின் மையம். மனம் இடம்பெயர்ந்தபின் உறவின் பெயரும் அவளுக்கு அயலாகிவிட்டது.

செயலுக்கு முன்னரே மனத்தில் நேரும் இப்பெயர்ச்சியைத் திருவள்ளுவரும் நுட்பமாக அறிந்திருந்தார். புலவி நுணுக்கம் என்னும் 132-ஆம் அதிகாரத்தில் தலைவன் பிழையேதும் செய்திலன். தும்மினாலும், "நினைத்தேன்" என்று சொன்னாலும், வாளா நோக்கினாலும் தலைவி ஊடுகிறாள்: யார் நினைக்கத் தும்மினீர்? நினைப்பதற்குமுன் மறந்திருந்தீரோ? யாரோடு என்னை ஒப்பிட்டுப் பார்க்கிறீர்? இன்பத்துப்பாலில் இது விளையாட்டு. சொல்லிக் கேட்க அவன் அருகில் இருப்பதால் ஊடல் கூடலில் முடிகிறது. கண்ணகிக்குக் கேட்பதற்கும் ஆளில்லை. ஆகவே அவளுக்காகப் புலவர் கேட்டனர்.

பரத்தையிற் பிரிவு அகப்பாடலின் மரபு. பரணர் தாமே மருதத் திணையில் அதனைப் பாடியவர். எனினும் உண்மையான ஒரு பெண் எதிரில் நின்று அழுதபோது அவர் மரபைச் சொல்லி அமைதி காணவில்லை. அகத்திணையில் தலைமக்கள் பெயர் சுட்டப்படலாகாது. இங்கோ பேகன் பெயரைப் பாடல் விளித்து உரைக்கிறது. இப்பாடல்களைத் தொகுத்தோரும் பெருந்திணை, குறுங்கலித் துறை என வகுத்தனர். கண்ணகியின் பெயரைக் காத்துத் தந்ததும் அவர்களது அடிக்குறிப்பே.

பரணர் தமக்குப் பசியில்லை, சுற்றமும் வருந்தவில்லை என்று முன்னரே தெளிவுறுத்தி, இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே தாம் இரக்கும் பரிசில் என்கிறார். மயிலின் குளிரை உணர்ந்தவனிடம் இதனைக் கேட்கவேண்டியிருந்தது! அரிசில்கிழார் அணிகலனும் செல்வமும் வேண்டாமென்று, குதிரைகளைத் தேரிற் பூட்டச் சொல்கிறார். நம் சேர்வராயன் மலைக்கு வடக்கேயுள்ள தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடி, அவன் அளித்த அரசையே ஏற்க மறுத்தவராகப் பதிற்றுப்பத்தின் பதிகம் காட்டும் புலவர் அவர். மலைபல கடந்துவந்த பெருங்குன்றூர்கிழாரோ, கார்மழையின் ஓசையைத் தனியே கேட்டிருந்த அவள் கூந்தல் மீண்டும் பூச்சூட வேண்டும் என்கிறார். அதுவே தமக்குப் பரிசில் என்கிறார்.

பேகன் தேரேறினானா என்பதைப் புறநானூறு சொல்லவில்லை; 148-ஆம் பாடல் நள்ளியின் புகழுக்குச் சென்றுவிடுகிறது. ஊருக்கு வள்ளலாயிருப்பவன் வீட்டில் வறியனாயிருத்தல் கூடும் என்பதை மட்டும் அது நமக்கு விட்டுச் சென்றுள்ளது.

பரிசிலால் வாழ்ந்த நால்வர் பரிசிலைத் துறந்து ஒரு பெண்ணின் கண்ணீருக்கு வழக்குரைத்தனர். மேடையில் அன்பைப் பாடும் நாம், இல்லம் திரும்பியபின் நம் நெஞ்சம் எங்கிருக்கிறது என்று வினவிக்கொள்வோமாக. கவிதையின் மெய்ம்மை அங்கேதான் முதலில் சோதிக்கப்படுகிறது.