கோடு சோறு போடுமா?

பேத்தி கலைக்கல்லூரியில் சேரப்போகிறாள் என்று சென்னைக்குத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா சந்தோஷப்பட்டார். "நல்லா வரையட்டும்பா. படிப்புக்கு என்ன பண்ணப்போறா?" என்று அடுத்த மூச்சில் கேட்டார். அதுதான் படிப்பு என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இங்கே டொராண்டோவில் என் மனைவியும் அதையேதான் வேறு சொற்களில் கேட்டாள். நான்கு வருடம், கல்விக் கடன், அப்புறம்? மகள் படிக்க விரும்புவது கதைகளுக்குப் படம் வரைவதும் திரைப்படங்களுக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் செய்வதும். பதினேழு வயதில் எனக்கும் இப்படி ஓர் ஆசை இருந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பேருந்தில் போகும்போதெல்லாம் ஓவியக் கல்லூரியின் சிவப்புக் கட்டடங்களை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு போவேன். அப்பா பொறியியல் விண்ணப்பத்தை வாங்கிவந்தார். நானும் மறுபேச்சில்லாமல் நிரப்பினேன். கலை வேறு, பிழைப்பு வேறு என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லாத விஷயம்.

மகளுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், நான் சேராத அந்தக் கல்லூரியின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். முதல் பக்கத்திலேயே எங்கள் வீட்டு நம்பிக்கை ஆட்டம் கண்டது. அந்தப் பள்ளி தொடங்கப்பட்டதே பிழைப்புக்காகத்தான்.

கும்பெனியின் சென்னைப் படையில் மருத்துவராக இருந்த அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் அதைத் தன் சொந்த முயற்சியில் ஆரம்பித்தார். 1852இல் அரசு ஏற்றுக்கொண்டபோது அது தொழிற்கலைப் பள்ளியானது. மரத்தில் செதுக்கி அச்செடுப்பது, மண்பாண்டம், அப்போது புத்தம்புதிதாக இருந்த புகைப்படக்கலை எல்லாம் அங்கே பாடங்கள். இதைத் தர்மகாரியம் என்று எண்ணிவிட வேண்டாம். உள்ளூர்க் கைவினைஞனின் கையை ஐரோப்பியப் பாடத்திட்டத்துக்குப் பழக்கும் ஏற்பாடும் அதற்குள் இருந்தது. தலைமுறை தலைமுறையாகத் தேர் செதுக்கியவர்களின் ஊரில் மாணவர்கள் கிரேக்கச் சிலைகளின் சுண்ணாம்பு வார்ப்புகளைப் பார்த்து வரைந்தார்கள். 1884இல் பொறுப்பேற்ற ஈ.பி. ஹேவல், இந்தியக் கைவினையைப் பார்க்காமல் இங்கே கலை கற்பிப்பதில் அர்த்தமில்லை என்ற முடிவுக்கு மெல்ல வந்து சேர்ந்தார். அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அதே வளாகத்தில் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனைகளை நடத்தினார். நம் பாட்டிமார் அடுப்பில் ஏற்றிய அலுமினியச் சட்டிக்கும் ஓவியப் பள்ளிக்கும் இப்படி ஓர் உறவு உண்டு என்பதை நான் ஐம்பது வயதில்தான் அறிந்தேன்.

வங்காளத்திலிருந்து வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929இல் தலைமை ஏற்றபின் பள்ளியின் முகம் மாறியது. அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர். மெரினாவில் 1959இல் வைக்கப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் செய்தது. பாறையை நெம்பும் அந்த நான்கு பேரைப் பார்க்காமல் சென்னையில் வளர்ந்தவர் இருக்க முடியாது. அவர் காலத்தில் பட்டறைகளைவிட ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. கலைஞன் ஒரு படி மேலே, தொழில்காரன் ஒரு படி கீழே என்ற எண்ணமும் மெல்ல வளர்ந்தது.

ஆனால் பிழைப்பு வேறு வாசல் வழியாக வந்தது. அந்த வாசல் பத்திரிகை. சென்னைப் பள்ளியில் படித்த சில்பி ஊர் ஊராகப் போய்க் கோயில்களில் உட்கார்ந்து வரைந்தவை ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்று வெளிவந்தன. கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்ற கோபுலு 'தில்லானா மோகனாம்பா'ளுக்கு முகம் கொடுத்தார். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' கல்கியில் தொடராக வந்தபோது மணியம் வாராவாரம் வரைந்தார். அந்த இதழ்களிலிருந்து பக்கங்களைக் கிழித்து, சேர்த்து, பைண்டு செய்து வைத்திருந்தார் என் பாட்டி. காலிகோ அட்டை போட்ட அந்த ஐந்து பாகங்கள்தான் நான் பார்த்த முதல் ஓவியக் கண்காட்சி. வந்தியத்தேவனின் குதிரை எப்படி இருக்கும் என்பதை எனக்குச் சொன்னது கல்கியின் எழுத்து மட்டுமல்ல, அந்தக் கோடுகளும்தான்.

அந்தக் கோடுகளுக்குப் பின்னால் ஓர் அச்சுக்கூடக் கணக்கு இருந்தது. வரைந்த படத்தைப் புகைப்படமெடுத்து, துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து பிளாக் செய்வார்கள். கோட்டு பிளாக்கில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, சாம்பல் கிடையாது. நிழல் வேண்டுமென்றால் மெல்லிய கோடுகளை நெருக்கி, குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும். மட்டமான காளிதத்தில் மை பரவிவிடும். அதற்கும் இடம் விட்டு வரைய வேண்டும். நாம் 'பாணி' என்று ரசிப்பதில் பாதி, அந்தத் தகட்டோடும் தாளோடும் ஓவியர் செய்துகொண்ட சமரசம்.

அச்சுக்கு வரைந்த கை சினிமாவுக்கும் போனது. 1960இல் 'பார்த்திபன் கனவு' படமானபோது கலை இயக்கம் மணியத்திடம் வந்தது. அதற்கு மூன்றாண்டு முன்பே வாகினி ஸ்டுடியோவில் மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் 'மாயாபஜார்' உருவாகியிருந்தது. கடோத்கசன் வாய்க்கு லட்டுகள் தாமாகப் பறந்து போகும் காட்சியில் கணினி கிடையாது. காமிராவை நிறுத்தி ஓட்டுவது, ஒரே பிலிமை மறைத்து மறைத்துப் பலமுறை பதிவது, சிறு உருவ மாதிரிகளைப் பெரிதாகக் காட்டுவது என்று அந்தக் காலத் தந்திரக் காட்சிகள் அத்தனையும் கையால் செய்த வேலை. இன்று என் மகள் திரையில் அடுக்கடுக்காகப் படங்களை ஏற்றி ஒன்றாக்குவதன் மூதாதை அதுதான்.

சென்னைக் கல்லூரியில் படித்த தோட்டா தரணி 1987இல் 'நாயகன்' படத்துக்காகச் சென்னையிலேயே தாராவியை எழுப்பி தேசிய விருது பெற்றார். முப்பத்தைந்து ஆண்டு கழித்து மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வ'னுக்கு அரண்மனைகளை வடிவமைத்தவரும் அவரே. அதே கல்லூரியிலிருந்து வந்த டிராட்ஸ்கி மருது, இதழ்களில் கோடு வரைந்த கையோடு அனிமேஷனுக்கும் கணினிக்கும் போனார். ஆக, கதைப்படமும் விஷுவல் எஃபெக்ட்ஸும் என்று என் மகள் சேர்த்துச் சொன்ன இரண்டும் தமிழில் எழுபது ஆண்டாக ஒரே வீட்டில்தான் இருக்கின்றன.

இவ்வளவும் படித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று மனைவியிடம் சொல்லியிருப்பேன். ஆனால் வரலாறு பாதியில் நிற்பதில்லை. துத்தநாக பிளாக் போய் ஆஃப்செட் வந்தது. மவுண்ட் ரோட்டில் நான் அண்ணாந்து பார்த்த சினிமா பேனர்களைக் கட்டம் போட்டு வரைந்த கைகள், ஃப்ளெக்ஸ் வந்த சில ஆண்டுகளில் வேலை இழந்தன. கருவி மாறும்போது கோடு பிழைத்துக்கொள்கிறது. கோடு போட்ட ஆள் எப்போதும் பிழைத்துக்கொள்வதில்லை.

இதில் எனக்கு இரண்டு சம்பவங்கள் முக்கியமாகப் பட்டன.

ஒன்று, சோழமண்டலம். 1957இல் கல்லூரியின் தலைமைக்கு வந்த கே.சி.எஸ். பணிக்கர் ஓவியம் படிக்க வருமுன் குடும்பத்துக்காகத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர். படித்து முடித்த மாணவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை. ஆசிரியரும் மாணவர்களும் சேர்ந்து ஒரு கைவினைச் சங்கம் அமைத்து பத்திக் துணிகள் செய்து விற்றார்கள். அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் பிறந்தது. பகலில் விற்பனைக்குப் பத்திக், மிச்ச நேரத்தில் தங்கள் ஓவியம். யாரும் தனியாகப் பிழைக்க முயலவில்லை என்பதுதான் அதன் சூட்சுமம்.

இன்னொன்று, 2013 பிப்ரவரி. புதுச்சேரியில் தொடங்கும் 'லைஃப் ஆஃப் பை' கதையில், படகில் வரும் புலியைக் கணினியில் உயிர்ப்பித்தது லாஸ் ஏஞ்சலீஸின் ரிதம் அண்ட் ஹ்யூஸ். சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. விருது விழாவுக்குப் பதினொரு நாள் முன்பு அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்திருந்தது. மேடையில் பில் வெஸ்டன்ஹோஃபர் அதைச் சொல்ல ஆரம்பித்ததும் இசையை உயர்த்தி ஒலிவாங்கியை அணைத்தார்கள். வெளியே நூற்றுக்கணக்கான கலைஞர்கள் தெருவில் நின்று போராடிக்கொண்டிருந்தார்கள். முன்கூட்டியே ஒரு தொகை பேசிவிட்டு, எத்தனை முறை மாற்றச் சொன்னாலும் மாற்றித்தரும் ஒப்பந்தம். வரிச்சலுகை எந்த ஊரில் அதிகமோ அந்த ஊருக்கு ஓடும் வேலை. வான்கூவருக்கும் மாண்ட்ரியலுக்கும் டொராண்டோவுக்கும் இந்த வேலைகள் வந்ததிலும் அந்தச் சலுகைக்குப் பங்கு உண்டு. வந்த வழியே அவை திரும்பியும் போகலாம்.

இரண்டையும் மகளிடம் சொன்னேன். அவள் விண்ணப்பத்துக்காகத் தன் இடது கையைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தாள். கை வரைந்து காட்ட வேண்டுமாம். கணினி எவ்வளவு வந்தாலும் கலைக்கல்லூரிகள் இன்னும் அதைத்தான் முதலில் கேட்கின்றன.

"அப்போ நான் பத்திக் கத்துக்கணுமாப்பா?" என்றாள்.

"பத்திக் இல்லம்மா. கூடப் படிக்கிறவங்களை விட்டுடாதே. ஒப்பந்தத்தைப் படிக்காம கையெழுத்துப் போடாதே" என்றேன். அவள் தலையை நிமிர்த்தாமல் கட்டைவிரல் நகத்துக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தாள். கடன் தாளில் அன்று இரவு நான் கையெழுத்துப் போட்டேன். என் மனைவி சாட்சிக் கையெழுத்துப் போடுமுன் இரண்டு முறை படித்தாள். அது நல்லதுதான்.

அடுத்த ஞாயிறு அம்மாவிடம் பேசும்போது, பாட்டியின் பைண்டு புத்தகங்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன். பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்றார். அதில் படம் போட்டது யார் தெரியுமா என்றேன்.

"மணியம்" என்றார், யோசிக்காமல். பிறகு அவரே கேட்டார்: "ஏம்பா, அதெல்லாம் அவருக்குச் சோறு போட்டிருக்குமா?"

"பாட்டிதாம்மா போட்டாங்க" என்றேன். "வாராவாரம் காசு குடுத்து வாங்கினாங்களே."