மலை வீட்டுக்குச் சப்வூஃபர் பெட்டி: எத்தனை லிட்டர் வேண்டும்?

தாப்பாவில் வாங்கிய முறுக்குப் பொட்டலம், மலைப்பாதையில் ஏறி ரிங்லெட்டை அடைவதற்குள் பலூன் போல உப்பிவிடும். கேமரன் மலைக்குப் போய் வருபவர்களுக்கு இது பழகிய காட்சி. பொட்டலத்துக்குள் காற்று கூடவில்லை. அதை வெளியிலிருந்து அழுத்திக்கொண்டிருந்த காற்றின் பலம்தான் குறைந்துவிட்டது. கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கும் தானா ராத்தாவில் காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. வீட்டில் சொந்தமாகச் சப்வூஃபர் பெட்டி அடிக்க நினைக்கும் தோட்டத்து இளைஞர்களுக்கு இந்தக் கணக்கு கட்டாயம் உதவும்.

போ நிறுவனம் 1929இலும் பாரத் நிறுவனம் 1933இலும் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து தேயிலையோடு வாழும் மலை இது. தோட்டத்து வரிசை வீடுகளின் கூடம் சிறியது. பக்கத்து வீட்டுச் சுவரும் நம் வீட்டுச் சுவரும் ஒன்றே. விடியும் முன்பே எழுந்து வேலைக்குப் போகிறவர் அந்தச் சுவருக்கு அப்பால் படுத்திருப்பார். ஆகவே இங்கே பெட்டி செய்பவர், தம் காதுக்கு மட்டுமன்றிப் பக்கத்து வீட்டாரின் உறக்கத்துக்கும் சேர்த்தே அளவெடுக்க வேண்டியிருக்கிறது.

பெட்டி எதற்கு?

பெட்டியில்லாத ஸ்பீக்கரைக் கையில் பிடித்துப் பாட்டைப் போட்டால் பேஸ் கேட்காது. கூம்பு முன்னே காற்றைத் தள்ளும்போது பின்னே அதே அளவு காற்று இழுபடுகிறது. இரண்டும் ஓரத்தில் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பின்பக்க ஒலியை அடைத்து வைப்பதே பெட்டியின் முதல் வேலை. அதோடு, உள்ளே அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் போலக் கூம்பைத் திருப்பித் தள்ளும். பெட்டி சிறிதானால் ஸ்பிரிங் இறுகும், பெரிதானால் தளரும். இந்தக் காற்று ஸ்பிரிங்கையே முதன்மையாக நம்பி, 1954இல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் உருவாக்கிய சிறிய மூடிய பெட்டி, வீட்டு ஒலிக்கருவிகளின் போக்கையே மாற்றியது. அதற்கு முன் நல்ல பேஸ் வேண்டுமென்றால் அலமாரி அளவுக்குப் பெட்டி வேண்டும்.

எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய பெட்டி என்பதைக் கணக்கிடும் முறையை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் வெளியிட்டார். 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். தரமான ஸ்பீக்கருடன் வரும் தாளில் அச்சாகியிருக்கும் 'தீல்-ஸ்மால்' எண்கள் இவர்கள் பெயரில் வழங்குபவை. பெட்டி செய்ய மூன்று எண்கள் போதும். எஃப்-எஸ் என்பது ஸ்பீக்கர் இயல்பாக அதிரும் எண். க்யூ-டிஎஸ், அந்த அதிர்வு எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்பதைக் காட்டும். வி-ஏஎஸ், கூம்பைத் தாங்கும் பகுதியின் இளக்கத்துக்கு ஈடான காற்றின் கொள்ளளவு. தாள் இல்லாத ஸ்பீக்கரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காமல் இருப்பது நல்லது. பெட்டியைக் குருட்டுத்தனமாகத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு 10 அங்குல ஸ்பீக்கரின் எஃப்-எஸ் 30 ஹெர்ட்ஸ், க்யூ-டிஎஸ் 0.45, வி-ஏஎஸ் 60 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூடிய பெட்டியில் ஒலி சீராக இறங்க, மொத்த க்யூ 0.707 ஆக இருப்பது பொதுவான இலக்கு. 0.707ஐ 0.45ஆல் வகுத்தால் 1.57. அதன் வர்க்கம் 2.47. அதில் ஒன்றைக் கழித்தால் 1.47. இந்த எண்ணால் 60ஐ வகுத்தால் 41 லிட்டர். பெட்டிக்குள் ஸ்பீக்கரின் அதிர்வெண் 30 பெருக்கல் 1.57, அதாவது 47 ஹெர்ட்ஸுக்கு ஏறும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். ஆகவே திரைப்பாட்டின் பேஸும் உறுமியின் முழக்கமும் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும்.

மலைக்கு ஏறினால்

இந்த 41 லிட்டர், ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் பொருந்தும் கணக்கு. வி-ஏஎஸ் காற்றழுத்தத்தைச் சார்ந்தது. அழுத்தம் 15 விழுக்காடு குறையும் இடத்தில் 60 லிட்டர் 51 ஆகிவிடும். அதை 1.47ஆல் வகுத்தால் 35 லிட்டர்தான் வருகிறது. அதாவது கேமரன் மலையில் அதே தன்மையுள்ள பேஸுக்கு ஆறு லிட்டர் சிறிய பெட்டி போதும். 41 லிட்டர் பெட்டியையே மேலே கொண்டுவந்தாலும் குடி முழுகிப்போகாது. மொத்த க்யூ 0.67 ஆக இறங்கும், அதைக் காதால் பிரித்தறிவது கடினம். ஆனால் சிறிய கூடத்தில் ஆறு லிட்டர் மிச்சம் என்பது நாற்காலிக்கு இடம்.

ஒலியின் அளவில்தான் மலை கொஞ்சம் பிடுங்கிக்கொள்கிறது. காற்றின் அடர்த்தி குறைவதால், கூம்பு அதே அளவு அசைந்தாலும் ஒலி ஏறக்குறைய ஒன்றரை டெசிபல் குறையும். அதை ஈடுகட்ட ஆம்பிளிஃபையர் 40 விழுக்காடு கூடுதல் சக்தி தர வேண்டும். சிறிய கூடத்துக்கு இது பெரிய குறையில்லை.

குழாய் வைத்த பெட்டியைப் பலர் விரும்புவார்கள். கடம் எப்படித் தன் வயிற்றுக் காற்றால் ஆழ்ந்து ஒலிக்கிறதோ அதே தத்துவம்தான்: உள்ளே உள்ள காற்று ஸ்பிரிங், குழாயில் உள்ள காற்று எடை. சத்தம் கூடும்; ஆனால் பெட்டி பெரிதாகும். குழாயின் அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைப் பிடித்து நிறுத்த ஸ்பிரிங் இருக்காது. ஆழ்ந்த ஒலி வரும்போது சத்தத்தை ஏற்றினால் ஸ்பீக்கர் அடிபடும். மலையேறினாலும் குழாயின் அதிர்வெண் மாறுவதில்லை, ஏனெனில் அழுத்தமும் அடர்த்தியும் ஒரே விகிதத்தில் குறைகின்றன. ஆனால் வி-ஏஎஸ் மாறிவிடுவதால் கீழே போட்ட கணக்கு இங்கே சரிந்து நிற்கும். க்யூ-டிஎஸ் 0.4க்கு மேலிருந்தால் மூடிய பெட்டியே பொருத்தம்.

சிறிய அறைக்கு மூடிய பெட்டி பொருந்த இன்னொரு காரணமும் உண்டு. 11 அடி நீளமுள்ள கூடத்தில் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறையே பேஸை ஏற்றிக் கொடுக்கும். மூடிய பெட்டியின் ஒலி இறங்கத் தொடங்கும் இடமும் ஏறக்குறைய அதுதான். ஒன்று இறங்க, மற்றது தாங்கிப் பிடிக்கும். பலகைச் சுவர் வீட்டில் இந்த உதவி குறையும். அறை தாங்காத பேஸ் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேரும்.

சுவருக்கு அப்பால்

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அதற்கு முட்டை அட்டையும் திரைச்சீலையும் ஒரு பொருட்டே அல்ல. பலன் தரும் வழிகள் வேறு. பெட்டியை மூலையில் வைத்தால் பேஸ் கூடும், ஆனால் பொதுச்சுவர் மூலையைத் தவிர்த்து வெளிச்சுவர் மூலையைப் பார்க்க வேண்டும். அடியில் மெத்தென்ற ரப்பர் கால் கொடுத்தால் தரை வழியாகப் போகும் அதிர்வு குறையும். உட்காருமிடத்துக்கு அருகில் பெட்டியை வைத்தால் குறைந்த சத்தமே போதும். இரவு பத்து மணிக்கு மேல் சப்வூஃபரை மட்டும் தனியே அணைக்க ஒரு சுவிட்ச் வைத்துக்கொள்வது எல்லாவற்றையும்விட மலிவான வழி.

பலகையும் ஈரமும்

35 லிட்டரோடு, ஸ்பீக்கரின் உடலும் உட்சட்டமும் அடைக்கும் இடத்துக்கு மூன்று லிட்டர் சேர்க்க வேண்டும். உள்ளளவு 38, 36, 28 சென்டிமீட்டர் என்றால் 38 லிட்டர் வரும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வெட்ட வேண்டியவை: முன்னும் பின்னும் 41.6க்கு 39.6 சென்டிமீட்டரில் இரண்டு, மேலும் கீழும் 41.6க்கு 28இல் இரண்டு, பக்கங்களுக்கு 36க்கு 28இல் இரண்டு. எட்டடிக்கு நாலடிப் பலகையில் பாதி போதும். நடுவே ஒரு குறுக்குச் சட்டம் கொடுக்காவிட்டால் பெரிய பலகைகள் தாமே பாடத் தொடங்கிவிடும்.

தளவாடக் கடைகளில் கிடைக்கும் அழுத்திய மரத்தூள் பலகை வேலை செய்யச் சுலபம், ஆனால் வெட்டிய விளிம்பு ஈரத்தை உறிஞ்சி உப்பும். மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகும் ஊரில் மரைன் பிளைவுட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ரிங்கிட் வீண் போகாது. எதுவானாலும் உள்ளும் புறமும், குறிப்பாக விளிம்புகளில், வார்னிஷ் இரண்டு கை பூச வேண்டும். சிமெண்டுத் தரையில் நேராக வைக்கக் கூடாது. காகிதக் கூம்பில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் பாலிபுரோப்பிலின் கூம்பு மேல்.

பழைய கார் சப்வூஃபரை வீட்டில் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் பல 4 ஓம் அல்லது அதற்கும் குறைவு. வீட்டு ஆம்பிளிஃபையரின் பின்புறத்தில் எழுதியிருக்கும் ஓம் அளவுக்குக் கீழே இணைத்தால் ஆம்பிளிஃபையர் சூடேறிப் பழுதாகும்.

மூட்டுகளில் மரப்பசை நிறைய விட்டு, திருகாணி இறுக்கி, ஒரு நாள் காய விட வேண்டும். பாலியெஸ்டர் தலையணைப் பஞ்சைத் தளர்வாக உள்ளே நிரப்பினால் பெட்டி சற்றுப் பெரிதானது போல நடந்துகொள்ளும். ஸ்பீக்கரைப் பொருத்திய பிறகு, 40 ஹெர்ட்ஸ் ஒலியை நடுத்தரச் சத்தத்தில் ஓடவிட்டு, பற்றவைத்த ஊதுபத்தியை ஒவ்வொரு மூட்டின் ஓரமாகவும் மெதுவாக நகர்த்திப் பார்க்கலாம். புகை நடுங்கும் இடத்தில் காற்று கசிகிறது. அங்கே சிலிக்கோன் தடவினால் போதும்.