எஞ்சின் தன் நோயைத் தானே சொன்ன வரலாறு



கார் முகப்பில் எஞ்சின் வடிவத்தில் மஞ்சள் விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். "ஏதோ எரியுது, வண்டிதான் ஓடுதே" என்று விட்டுவிடுகிறவர்கள் நம்மில் பலர். அந்தச் சின்ன விளக்கு வந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் அப்படி விடமாட்டீர்கள்.

முன்பெல்லாம் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பியது கார்புரேட்டர். காற்றின் வேகத்தில் பெட்ரோல் இழுபட்டுப் போகும். அளவு எப்போதும் துல்லியமாக அமையாது. இதை மாற்ற அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 'எலெக்ட்ரோஜெக்டர்' என்ற அமைப்பை உருவாக்கியது. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் வாயை மின்சாரம் திறக்கும். எவ்வளவு நேரம் திறப்பது என்பதை மின்னணுப் பெட்டி முடிவு செய்யும். கிரைஸ்லர் நிறுவனம் 1958-ஆம் ஆண்டுக் கார்கள் சிலவற்றில் இதைப் பொருத்தி விற்றது. எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் அக்காலத்து மின்னணு உறுப்புகளை நம்ப முடியவில்லை. விற்ற கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் திரும்பவும் கார்புரேட்டரையே மாட்டினார்கள்!

இதற்கிடையே லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மக்கள் புகைமூட்டத்தால் கண்ணெரிச்சலில் தவித்தார்கள். வாகனப் புகை வெயிலில் மாறுவதுதான் முக்கியக் காரணம் என்று 1950-களில் ஹாகன்ஸ்மிட் என்ற விஞ்ஞானி எடுத்துக்காட்டினார். கலிபோர்னியாவில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. பெட்ரோலை அளந்து கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை! பெண்டிக்ஸின் காப்புரிமைகளைப் பயன்படுத்திய ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1967-இல் 'டி-ஜெட்ரானிக்' அமைப்பை வோக்ஸ்வேகன் 1600 காரில் கொண்டுவந்தது. இம்முறை வெற்றி.

ஆனால் இன்னொரு சிக்கல். உள்ளே ஒன்று பழுதானால் வெளியே தெரியாது. கார் ஓடும், புகை மட்டும் கூடும். அப்படீன்னா யார் கண்டுபிடிப்பது? எஞ்சினே சொல்லட்டும் என்றார்கள். 1980-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் விளக்கு மின்னுவதை எண்ணியே பழுதை அறிந்தார்கள். ஒருமுறை மின்னி, சற்று நின்று, இருமுறை மின்னினால் அது 12 என்ற எண்.

கலிபோர்னியா 1988-ஆம் ஆண்டுக் கார்களிலிருந்து இத்தகைய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. ஆயினும் நிறுவனத்துக்கு நிறுவனம் எண்ணும் பிளக்கும் வேறாயிருந்தன. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கெல்லாம் ஒரே வகைப் பிளக்கும் பொதுவான எண்களும் வந்தன.

எப்படிக் கண்டுபிடிக்கிறது, பாருங்கள். இன்ஜெக்டருக்குப் போகும் மின்சாரத்தை மின்னணுப் பெட்டி கவனிக்கும். முதல் சிலிண்டரில் அது தடைபட்டால் பி 0201 என்று பதியும். சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாவிட்டால் சுழலும் தண்டின் வேகம் நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் தளரும். பற்சக்கரத்தின் அருகிலுள்ள உணர்கருவி அதைக் காட்டிக் கொடுத்துவிடும். அப்போது பி 0301. விளக்கு விட்டு விட்டு மின்னினால் ஆபத்து அதிகம். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியைச் சூடேற்றிக் கெடுத்துவிடும்.

ஒன்றை மறக்காதீர்கள். பி 0201 என்றால் இன்ஜெக்டர்தான் கெட்டது என்று பொருளில்லை. ஒயர் அறுந்திருக்கலாம், பிளக்கில் துரு பிடித்திருக்கலாம். வலிக்கிற இடத்தைத்தான் எஞ்சின் சொல்லும். நோயைக் கண்டறிய வேண்டியவன் மனிதன். எண்ணைப் பார்த்ததும் புதுச் சாமானை மாற்றுகிறவன் பணத்தைத் தொலைக்கிறான். ஒயரிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதிப்பவனே கைதேர்ந்த மெக்கானிக்.

நாளைய மெக்கானிக்குகளும் பொறியாளர்களும் உங்களிடையே இருக்கிறீர்கள். ஊர்மக்கள் சுவாசிக்கும் காற்றுக்காகப் பிறந்தது இந்த விளக்கு. அது எரிந்தால், "என்ன சொல்லுது?" என்று கேட்கப் பழகுங்கள்!