‘உயிருள்ள விசை’ பற்றிய வழக்கு

பள்ளிக்கூடத்து அறிவியல் நூலில் இரண்டு வாய்பாடுகள் அடுத்தடுத்து நிற்கும். உயரத்தில் உள்ள பொருளின் பொருண்மையையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தையும் பெருக்கினால் அதன் நிலையாற்றல் கிடைக்கும் என்பது ஒன்று. ஓடும் பொருளின் பொருண்மையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதில் பாதியைக் கொண்டால் அதன் இயக்க ஆற்றல் கிடைக்கும் என்பது மற்றொன்று. மாணவன் இரண்டையும் மனப்பாடம் செய்து ஒப்பித்து விடுகிறான். வேகத்தை ஒருமுறை பெருக்கினால் போதாதா, இருமுறை ஏன் பெருக்க வேண்டும்? அந்தப் பாதி எங்கிருந்து வந்தது? இப்படி ஒரு பிள்ளை எழுந்து கேட்டால், ஆசிரியர் கரும்பலகையில் சமன்பாடுகளை எழுதி நிறுவிக் காட்டலாம். நிறுவுதல் எளிது, நாலே வரி. ஆனால் அந்த வர்க்கம் வேண்டுமா வேண்டாமா என்று ஐரோப்பாவின் தலைசிறந்த அறிஞர்கள் இரு கட்சியாகப் பிரிந்து ஏறத்தாழ அறுபது ஆண்டு வழக்காடினார்கள் என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை.

வழக்கின் வித்து இத்தாலியில் ஊன்றப்பட்டது. முதுமையில் வீட்டுக் காவலில் இருந்த கலிலியோ, இயக்கத்தைப் பற்றிய தம் பெருநூலை 1638-இல் ஹாலந்து நாட்டு லைடன் நகரில் அச்சேற்றினார். அதில் ஓர் எளிய சோதனை வருகிறது. நூலில் கட்டிய குண்டு ஒன்றைப் பக்கவாட்டில் உயர்த்தி விட்டால், அது கீழே வந்து மறுபுறம் ஏறத்தாழ அதே உயரத்துக்கு ஏறுகிறது. நடுவழியில் ஓர் ஆணியை அடித்து நூலைத் தடுத்துப் பார்த்தார். நூலின் நீளம் குறைந்து, குண்டு செல்லும் வளைவும் மாறியது. ஆயினும் அது ஏறிய உயரம் மட்டும் மாறவில்லை! விழும்போது ஒரு பொருள் அடையும் வேகம், அது விழுந்த உயரத்துக்கே அதனைத் திரும்ப ஏற்றிவிடப் போதுமானது. கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. இதனுடன் கலிலியோ கண்ட மற்றோர் உண்மையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விழும் பொருளின் வேகம் இருமடங்காக வேண்டுமானால், அது இருமடங்கு உயரத்திலிருந்து விழுந்தால் போதாது. நான்கு மடங்கு உயரத்திலிருந்து விழ வேண்டும்.

பின்னர் நடந்த வழக்கு முழுவதும் இந்த ‘இரண்டுக்கு நான்கு’ என்னும் கணக்கைச் சுற்றியே நடந்தது.

கலிலியோவுக்குப் பின் வந்த பிரெஞ்சு ஞானி டெக்கார்ட், 1644-இல் வெளியிட்ட தம் நூலில் வேறொரு கணக்கைச் சொல்லியிருந்தார். இறைவன் உலகைப் படைத்தபோது அதற்கு ஒரு குறிப்பிட்ட அளவு இயக்கத்தைக் கொடுத்தான். அந்த மொத்த அளவு என்றும் மாறாது. பொருளின் பருமனை வேகத்தால் பெருக்கினால் வருவதே அந்த அளவு என்றார். இது வெறும் கணக்கன்று. உலகம் என்னும் கடிகாரம் தானே ஓடிக்கொண்டிருக்குமா, அல்லது நாளடைவில் தளர்ந்து நின்றுவிடுமா என்னும் கேள்விக்கு விடையாகவே டெக்கார்ட் இதனைச் சொன்னார். ஆனால் அவர் வேகத்தின் திசையை நோக்கவில்லை. மோதும் உருண்டைகளைப் பற்றி அவர் வகுத்த விதிகளும் பெரும்பாலும் பிழைபட்டன. டச்சு அறிஞர் ஹைகன்ஸ் 1669-இல் அவற்றைத் திருத்தினார். கெட்டியான உருண்டைகள் மோதி மீளும்போது, ஒவ்வொன்றின் பருமனையும் வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டினால், அந்தக் கூட்டுத்தொகை மோதலுக்கு முன்னும் பின்னும் ஒன்றாகவே இருக்கிறது என்று அவர் கண்டார். கண்டு, அதனைப் பெரிதுபடுத்தாமல் விட்டுவிட்டார்.

அதனைப் பெரிதாக்கியவர் ஜெர்மானியரான லைப்னிட்ஸ். டெக்கார்ட் செய்த ஒரு பெரும் பிழையைச் சுருக்கமாக மெய்ப்பிப்பதாகத் தலைப்பிட்டே அவர் 1686-இல் லைப்சிக் நகர இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். வாதம் மிக எளிது. ஆரம்பப் பள்ளி மாணவனும் பின்பற்றக் கூடியது. ஒரு பங்கு எடையுள்ள பொருளை நான்கு முழம் உயர்த்துவதற்கும், நான்கு பங்கு எடையுள்ள பொருளை ஒரு முழம் உயர்த்துவதற்கும் ஒரே அளவு முயற்சிதான் வேண்டும். இதனை டெக்கார்டின் மாணவர்களும் ஒப்புக்கொள்வர். அப்படியானால் அவ்விரண்டும் கீழே விழுந்து தரையைத் தொடும்போது பெற்றிருக்கும் விசையும் சமமாகவே இருக்க வேண்டும். கலிலியோவின் கணக்குப்படி, நான்கு முழம் விழுந்தது இரண்டு பங்கு வேகமும், ஒரு முழம் விழுந்தது ஒரு பங்கு வேகமும் பெற்றிருக்கும். டெக்கார்டைப் பின்பற்றிப் பெருக்கினால் முதற்பொருளுக்கு 2, இரண்டாவதற்கு 4, சமம் இல்லை. வேகத்தை வர்க்கமாக்கிப் பெருக்கினால் இதற்கும் 4, அதற்கும் 4.

லைப்னிட்ஸ் அத்துடன் நிற்கவில்லை. டெக்கார்டின் அளவே சரி என்று வைத்துக்கொண்டால் என்ன விளையும் என்பதையும் காட்டினார். நான்கு பங்கு எடை ஒரு முழம் விழுந்து பெற்ற விசை முழுவதையும் ஒரு பங்கு எடைக்கு மாற்றிக் கொடுத்தால், அது நான்கு பங்கு வேகம் பெற வேண்டும். நான்கு பங்கு வேகம் அதனைப் பதினாறு முழம் உயரத்துக்கு ஏற்றும். பதினாறு முழத்திலிருந்து இறங்கும் ஒரு பங்கு எடை, அந்த நான்கு பங்கு எடையை நான்கு முழம் தூக்கிவிடும். ஒரு முழம் இறங்கியது நான்கு முழம் ஏறிவிட்டது! தீனி இல்லாமல் ஓயாது ஓடும் இயந்திரம் கைக்கு வந்துவிட்டது. அப்படி ஓர் இயந்திரம் இயலாது என்பதை அறிவுடையோர் அனைவரும் ஒப்புவர். ஆகவே தொடங்கிய கணக்கே பிழை என்றார். வர்க்கத்தால் பெருக்கிய இந்த அளவுக்கு, 1695-இல் அவர் ‘உயிருள்ள விசை’ என்று பெயரிட்டார். கயிற்றில் தொங்கும் கல் கயிற்றை இழுப்பது போன்ற வெறும் அழுத்தம், அவர் வழக்கில், ‘உயிரற்ற விசை’.

இங்கிலாந்தில் இக்கருத்துக்கு வரவேற்பு இல்லை. நுண்கணிதத்தை முதலில் கண்டவர் நியூட்டனா லைப்னிட்ஸா என்ற பூசல் மூண்டிருந்த காலம் அது. லைப்னிட்ஸ் சொன்னால் மறுப்பது ஆங்கிலேயருக்கு ஒரு நாட்டுக் கடமை போல் ஆகிவிட்டது. உலகில் இயக்கம் குறைந்துகொண்டே வருகிறது, அது புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது நியூட்டனின் கருத்து. அப்படியானால் கடவுள் தம் கடிகாரத்துக்கு அவ்வப்போது சாவி கொடுக்க வேண்டிய அரைகுறைத் தொழிலாளரா என்று லைப்னிட்ஸ் எள்ளினார். நியூட்டனின் நண்பர் சாமுவேல் கிளார்க்குடன் 1715, 1716 ஆண்டுகளில் நடந்த கடிதப் போரில், லைப்னிட்ஸ் ஓர் அருமையான உவமையைக் கையாண்டார். மென்மையான இரு பொருள்கள் மோதி நின்றுவிட்டால் விசை அழிந்துவிடவில்லை. அது பொருளுக்குள் உள்ள நுண் துகள்களுக்குள் பரவிவிடுகிறது. பெரிய நாணயத்தைச் சில்லறையாக மாற்றுவது போன்றதே இது என்றார். இதற்குச் சான்று காட்ட அன்று யாராலும் இயலவில்லை.

வாதம் ஏட்டில் நடந்துகொண்டிருக்க, சோதனைக் கூடத்திலிருந்து ஒரு சாட்சி வந்தது. லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரேவசாண்டே நியூட்டனின் கொள்கைகளை ஐரோப்பாவில் பரப்பியவர். அவர் ஒரே அளவுள்ள பித்தளைக் குண்டுகளைச் செய்வித்தார். சிலவற்றை உள்ளே குடைந்து எடையை வேறுபடுத்தினார். அவற்றைப் பல உயரங்களிலிருந்து மென்மையான களிமண்மீது விழச் செய்து, விழுந்த இடத்துக் குழிகளை ஒப்பிட்டார். எடை மூன்று மடங்கானால், உயரம் மூன்றில் ஒரு பங்காக இருக்கும்போதே குழிகள் ஒத்தன. எடையையும் உயரத்தையும் பெருக்கிய தொகை சமமானால் குழியும் சமம். அதாவது எடையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கிய தொகை சமமானால் குழியும் சமம். லைப்னிட்ஸ் சொன்னதே சரியென்று கண்ட அவர், தாம் அதுவரை போற்றிய கருத்தைக் கைவிட்டு 1722-இல் அதனை அச்சிலும் வெளியிட்டார். தம் கட்சியாருக்கு எதிரான முடிவு தம் கையாலேயே கிடைத்தபோது, அதனை மறைக்காமல் வெளியிட்ட மனம் பெரிது. இத்தாலியில் போலேனி என்பவரும் மெழுகு போன்ற கொழுப்பில் குண்டுகளை விழச்செய்து 1718-லேயே இதே முடிவைக் கண்டிருந்தார்.

களிமண்ணோடு வழக்கு முடிந்தது என்று எழுதுவோர் உண்டு. அது சரியன்று. குழியின் ஆழத்தை எதிர்க்கட்சியினர் மறுக்கவே இல்லை. அவர்கள் கேட்டது வேறு. “நேரத்தை ஏன் மறந்தீர்கள்?” என்றே கேட்டார்கள். இருமடங்கு வேகத்தோடு மேலே எறிந்த பந்து நான்கு மடங்கு உயரம் போகிறது, உண்மை. ஆனால் உச்சியை அடைய அதற்கு இருமடங்கு நேரமும் ஆகிறது. ஒரு நேரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் விசை இருமடங்கே ஒழிய நான்கு மடங்கன்று. களிமண்ணிலும் அப்படியே: குழி நான்கு மடங்கு ஆழம், குண்டு அடங்க எடுத்த நேரம் இருமடங்கு. ஆகவே இரு கட்சியாரும் ஒரே குழியைத் தத்தமக்குச் சான்றாகக் காட்ட முடிந்தது. பாரிஸ் அறிவியற் கழகத்தைச் சேர்ந்த மெய்ரான் 1728-இல் இவ்வகை வாதத்தை விரிவாக எழுதி, லைப்னிட்ஸ் கட்சியை முறியடித்துவிட்டதாகவே கருதினார்.

அவருக்கு மறுமொழி ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. 1706-இல் பிறந்த எமிலி து சாத்லே பிரபு குலத்தவர். பெண்களை உறுப்பினராகச் சேர்க்காத அறிவியற் கழகத்தின் வாசலுக்கு வெளியே நின்று கணிதமும் இயற்பியலும் பயின்றவர். 1740-இல் அவர் வெளியிட்ட இயற்பியல் நூலின் கடைசி அதிகாரம் உயிருள்ள விசையைப் பற்றியது. மெய்ரானின் வாதத்தை அவர் அதில் பெயர் சுட்டியே மறுத்தார். ஒரு விசை என்ன செய்து முடித்தது என்பதே அதன் அளவு. எவ்வளவு நேரத்தில் செய்தது என்பது வேறு கேள்வி என்பது அவர் நிலை. பத்து மூட்டை நெல்லை ஒருவன் ஒரே நாளில் பரணில் ஏற்றினாலும் இரண்டு நாளில் ஏற்றினாலும், ஏறியது பத்து மூட்டைதானே!

அப்போதுதான் கழகத்தின் செயலாளர் பதவிக்கு வந்திருந்த மெய்ரான், 1741-இல் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டு, தம் கட்டுரையை அம்மையார் மீண்டும் கவனமாகப் படிக்க வேண்டும் என்ற பாங்கில் எழுதினார். சில வாரங்களுக்குள் அம்மையாரின் பதிலும் அச்சில் வந்தது. அதில் அவர் ஓரடியும் விட்டுக்கொடுக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், சிரே என்னும் ஊரில் அவரோடு ஒரே மாளிகையில் வாழ்ந்து, ஒரே நூலகத்தில் படித்த எழுத்தாளர் வால்டேர் இவ்விஷயத்தில் எதிர்க்கட்சி! களிமண் சோதனையை எமிலி அம்மையாரே செய்தார் என்று இக்காலத்தில் சிலர் எழுதுகிறார்கள். அவர் செய்தது கிரேவசாண்டே போன்றோரின் சோதனைகளை எடுத்து, அவற்றின் பொருள் என்ன என்று வாதிட்டது. அதுவே போதிய பெருமை. இல்லாததைச் சேர்க்க வேண்டியதில்லை. நியூட்டனின் பெருநூலைப் பிரெஞ்சில் பெயர்த்து விளக்கமும் எழுதி முடித்த அவர், 1749-இல் பிள்ளைப்பேற்றுக்குச் சில நாள்களுக்குப் பின் இறந்தார். அம்மொழிபெயர்ப்பு 1759-இல் முழுமையாக வெளிவந்தது.

1743-இல் டாலம்பேர் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர், இது வெறும் சொற்போர் என்று ஒதுக்கினார். அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. இரண்டும் உண்மையான அளவுகளே. வேகத்தை ஒருமுறை பெருக்கி, திசையையும் சேர்த்துக்கொண்டால் அது இன்று உந்தம் எனப்படும்; அது விசை செயற்படும் நேரத்தோடு தொடர்புடையது. வர்க்கம் பெருகும் அளவு, விசை செயற்படும் தொலைவோடு தொடர்புடையது. சாலையில் கார் ஓட்டுபவன் தடையை அழுத்தும்போது இரண்டும் ஒருங்கே தோன்றும். வேகம் இருமடங்கானால், அதே தடைக்கு வண்டி நிற்க இருமடங்கு நேரமாகும். அதற்குள் அது கடந்துவிடும் தூரமோ நான்கு மடங்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 100 கிலோமீட்டர் என்றால் 20 மீட்டர் அன்று, ஏறத்தாழ 39 மீட்டர். எனவே வெறும் சொற்போர் என்று தள்ளியது சற்று அவசரமே.

பாதியைக் கொண்டுவந்தவர்கள் ஞானிகள் அல்லர், பொறியாளர்கள். நீராலையும் நீராவி இயந்திரமும் பெருகிய காலத்தில், ‘எவ்வளவு பாரம் எவ்வளவு உயரம் ஏறும்’ என்பதே முதலாளி கேட்ட கேள்வி. விசையைத் தொலைவால் பெருக்கிய தொகையை ‘வேலை’ என்று வரையறுத்தவர் கோரியோலி, ஆண்டு 1829. ஒரு கிலோகிராம் கல்லை 5 மீட்டர் உயர்த்தச் செய்த வேலை 49 அலகு. அது விழுந்து தரையைத் தொடும்போது அதன் வேகத்தின் வர்க்கம் 98. உயிருள்ள விசையும் 98. வரவு 49, செலவு 98 என்றால் கணக்கு நேராகாது. ஆகவே உயிருள்ள விசையில் பாதியையே கொள்ள வேண்டும் என்று அவர் வகுத்தார். உயரத்தின் கணக்கோடு ஒத்துப்போவதற்காகவே இயக்கத்தின் கணக்கில் பாதி புகுந்தது.

எஞ்சியது ஒரு கேள்வி. மேலே எறிந்த கல் உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது அதன் உயிருள்ள விசை எங்கே போயிற்று? டானியல் பெர்னூலி 1738-இல் நீரியக்கம் பற்றிய தம் நூலில், இறங்கிய பொருள் திரும்ப ஏறக்கூடிய ஏற்றம் என்று இதனை அணுகியிருந்தார். ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அதற்கு நிலையான பெயர் அமையவில்லை. 1807-இல் அச்சான சொற்பொழிவுகளில் தாமஸ் யங், உயிருள்ள விசைக்கு ‘எனர்ஜி’ என்னும் சொல்லை ஆண்டார். 1840-களில் ஜூல், இறங்கும் எடைகளைக் கொண்டு நீருக்குள் துடுப்புகளைச் சுழற்றி நீர் சூடாவதை அளந்தார். ஒரு பவுண்டு நீரை ஒரு பாரன்ஹீட் பாகை சூடாக்க, 772 பவுண்டு எடை ஓர் அடி இறங்க வேண்டும் என்பது 1850-இல் அவர் வெளியிட்ட கணக்கு. லைப்னிட்ஸ் சொன்ன சில்லறை இப்போது எண்ணப்பட்டுவிட்டது. 1853-இல் ஸ்காத்லாந்துப் பொறியாளர் ராங்கின், உயரத்தில் தங்கியிருக்கும் ஆற்றலுக்குப் ‘பொட்டென்ஷியல்’ என்று பெயர் வைத்தார். இயக்கத்தின் ஆற்றலுக்கு இன்று வழங்கும் ‘கைனெடிக்’ என்னும் பெயர், வில்லியம் தாம்சனும் டெய்ட்டும் 1867-இல் வெளியிட்ட நூலால் நிலைபெற்றது.

தமிழில் இலங்கைப் பாடநூல்கள் அழுத்த சக்தி, இயக்க சக்தி என்றும், தமிழகத்து நூல்கள் நிலையாற்றல், இயக்க ஆற்றல் என்றும் வழங்குகின்றன. ராங்கின் வைத்த பெயர் ‘ஆகக்கூடியது’ என்ற அளவிலேயே நிற்கிறது. ஆற்றல் அங்கே உண்மையில் இருக்கிறதா, இனித்தான் வருமா என்ற மயக்கத்தை அது மாணவனுக்குத் தருகிறது. நிலையாற்றல் என்ற சொல்லில் அம்மயக்கம் இல்லை. பால்ஃபர் ஸ்டூவர்ட் 1873-இல் பொதுமக்களுக்காக எழுதிய நூலில், ‘இருக்கும் நிலையின் ஆற்றல்’, ‘இயக்கத்தின் ஆற்றல்’ என்னும் பொருளுடைய எளிய ஆங்கிலத் தொடர்களையே விரும்பி ஆண்டார். ஆங்கிலத்தில் அவை நிலைக்கவில்லை.